கணினி ஆராய்ச்சியும் தோட்டத்துப் பிள்ளைகளும்

கோலகங்சார் நகரில் மாவட்ட அலுவலகத்திற்கு அருகே முதிய ரப்பர் மரம் ஒன்று வேலியிட்டுக் காக்கப்பட்டு வருவதைப் பேராக் மாநிலத்து அன்பர்கள் பலர் கண்டிருப்பீர்கள். 1877ஆம் ஆண்டில் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த 22 கன்றுகளுள் 9 கன்றுகள், பேராக்கின் அந்நாளைய ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ என்பவரால் கோலகங்சாரில் நடப்பெற்றன. அவற்றின் எச்சமென அம்மரம் இன்றும் போற்றப்படுகிறது.

கன்று வந்தது, மரமும் வளர்ந்தது. ஆயினும், அம்மரத்தை வைத்து என்ன செய்வதென்று அன்று எவருக்கும் தெளிவாகத் தெரியவில்லை. அமேசான் காடுகளில் பட்டையைக் கோடரியால் கொத்திப் பால் எடுத்தனர். மரம் புண்பட்டு விரைவில் வீணாயிற்று. 1888ஆம் ஆண்டில் சிங்கப்பூர்த் தாவரப் பூங்காவின் தலைவராகப் பொறுப்பேற்ற ரிட்லி என்பவர், மரத்தைப் பல வகையாக வெட்டிப் பார்த்து, ஒவ்வொரு வகைக்கும் எவ்வளவு பால் வடிந்தது என்று அளந்து குறித்து வந்தார். முன்னைய வெட்டின் ஓரத்தையே மெல்லியதாக மீண்டும் சீவி வந்தால், பட்டையும் திரும்ப வளரும், பாலும் குறையாது என்பதை அவ்வாறே கண்டறிந்தார். இன்று நம் கையிலுள்ள உளி செல்லும் சாய்வான பாதை, அந்தச் சோதனைகளின் வழி வந்ததாகும். பின்னர் 1925ஆம் ஆண்டில் மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் அமைக்கப்பட்டது. தோட்டங்களில் யாவரும் பெயர் சொல்லக் கூடிய ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்னும் மரவகை, அக்கழகம் தந்த செல்வமேயாகும்.

இவற்றை இங்கு நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. ஆராய்ச்சி என்ற சொல்லைக் கேட்டதும், அது நமக்குத் தொலைவானது, பெரிய இடத்துப் பிள்ளைகளுக்கே உரியது என்று எண்ணி ஒதுங்கிவிடுகிறோம். ஆனால் மூன்று நான்கு தலைமுறைகளாக நாம் உண்ட சோறு ஓர் ஆராய்ச்சியின் பயனாக விளைந்த சோறு. இன்று உலகை ஆண்டு வரும் மற்றோர் ஆராய்ச்சித் துறை கணினி இயல். அத்துறையின் ஆராய்ச்சி என்பது யாது, அதில் யார் யார் இடம் பெற்றனர், தோட்டப்புறப் பிள்ளைகள் அதனுள் நுழைய வழி யாது என்பனவற்றை எளிய முறையில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கணினி இயக்குதலும் கணினி ஆராய்ச்சியும்

கணினியில் கடிதம் தட்டச்சுச் செய்வது, கணக்கு எழுதுவது, கைப்பேசியில் படம் பார்ப்பது ஆகிய இவை யாவும் கணினியைப் பயன்படுத்துதல் ஆகும். கணினிக்கு இட வேண்டிய கட்டளைகளை வரிசைப்படுத்தி எழுதுவது நிரல் எழுதுதல் எனப்படும். இது ஒரு தொழில். ஆராய்ச்சி இவ்விரண்டினும் வேறானது. இதுவரை எவருக்கும் விடை தெரியாத ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, முன்னோர் கண்டவற்றைப் படித்து, தானும் சோதித்து, கண்டதைப் பிறர் சரிபார்க்கும் வண்ணம் எழுதி வைப்பதே ஆராய்ச்சி.

மரம் சீவுவோர், கிராணி, ரிட்லி ஆகிய மூவரையும் எண்ணிப் பாருங்கள். மரம் சீவுவோர் முறையைக் கையாளுகிறார். கிராணி கணக்கு வைக்கிறார். ரிட்லியோ, ‘இதைவிட நல்ல முறை உண்டா?’ என்று கேட்கிறார். மூன்றும் மதிப்புள்ள பணிகளே. ஆயினும் மூன்றாவது பணி நம் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்தப்படுவதில்லை என்பதுதான் குறை.

கணினி இயலின் அடிப்படைக் கருத்துகள் தோட்டத்து வாழ்வுக்குப் புதியன அல்ல. ஒரு நிரையில் ஏறி மறு நிரையில் இறங்கி மரம் சீவி முடித்தபின், பால் எடுக்கச் செல்லும்போது எந்த மரத்திலிருந்து தொடங்குகிறோம்? முதலில் சீவிய மரத்திலிருந்தே தொடங்குகிறோம். அங்கேதான் பால் வடிந்து ஓய்ந்திருக்கும். முதலில் வந்தது முதலில் செல்ல வேண்டும் என்ற இந்த ஒழுங்கைக் கணினி அறிஞர்கள் ‘வரிசை’ என்று பெயரிட்டுப் பாடமாகவே நடத்துகின்றனர். அச்சு எந்திரத்திற்குப் பல கடிதங்கள் ஒரே வேளையில் அனுப்பப்பட்டால், கணினி அவற்றை அவ்வொழுங்கிலேயே நிறுத்தி வைக்கிறது.

லோரி செல்லும் வழி: ஒரு கணக்கு

ஆராய்ச்சிக் கேள்வி எவ்வாறு பிறக்கிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். தொழிற்சாலையிலிருந்து புறப்படும் லோரி, 4 பால் கொட்டகைகளுக்குச் சென்று பாலை ஏற்றிக்கொண்டு மீண்டும் தொழிற்சாலைக்கே திரும்ப வேண்டும். எந்த வரிசையில் சென்றால் தூரம் குறையும்?

முதலில் செல்லும் இடத்தை 4 வகையாகத் தேர்ந்தெடுக்கலாம். அடுத்ததற்கு மீதம் 3 இடங்கள், பின் 2, இறுதியில் 1. நான்கையும் பெருக்கினால் 24 வழிகள். இருபத்துநான்கையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்துவிடலாம். கொட்டகைகள் 10 ஆனால் வழிகள் 3,628,800 ஆகின்றன. ஒரு நொடியில் பத்து இலட்சம் வழிகளைச் சோதிக்கும் கணினி, இதனை 4 நொடிக்குள் முடித்துவிடும். கொட்டகைகள் 15 ஆனால் அதே கணினிக்கு ஏறத்தாழ 15 நாட்கள் தேவைப்படும். 20 ஆனாலோ 77,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகும்!

இங்குதான் ஆராய்ச்சி தொடங்குகிறது. விரைவான எந்திரத்தை வாங்கிவிடுவதால் இக்கேள்வி தீராது. அறிவார்ந்த முறை ஒன்று வேண்டும். 1954ஆம் ஆண்டில் டான்ட்சிக், ஃபுல்கர்சன், ஜான்சன் என்னும் மூவர், அமெரிக்காவின் 49 நகரங்களைச் சுற்றி வரும் மிகக் குறுகிய வழியை ஒரு புதிய முறையால் கண்டு காட்டினர். 1976ஆம் ஆண்டில் கிறிஸ்டோஃபிடிஸ் என்பவர், எத்தனை இடங்களாயினும் விரைந்து விடை தரும் ஒரு முறையை வகுத்தார். அவ்விடை மிகக் குறுகிய வழியாக இல்லாமற் போகலாம். ஆனால் அதைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் ஒருபோதும் நீளாது என்று அவர் மெய்ப்பித்தார். மிகக் குறுகிய வழி 10 கிலோமீட்டராக இருந்தால், இவர் முறை தரும் வழி 15 கிலோமீட்டரைத் தாண்டாது.

இந்த ஒன்றரை மடங்கு என்னும் எல்லையைக் குறைக்க உலகத்து அறிஞர்கள் பலர் முயன்றும் 44 ஆண்டுகள் முடியவில்லை. 2020ஆம் ஆண்டில்தான் அவ்வெல்லை தகர்ந்தது. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த ஆன்னா கார்லின் என்னும் பெண் பேராசிரியர், ஷயான் ஒவைஸ் கரான் என்னும் பேராசிரியர், நேதன் கிளைன் என்னும் மாணவர் ஆகிய மூவர் அதனைச் செய்தனர். அவர்கள் குறைத்த அளவு மிக மிகச் சிறிது. நூலிழையின் பருமனைவிடவும் நுண்ணியது என்றே கூறலாம். ஆயினும் குறைக்க முடியும் என்பது நிலைநாட்டப்பட்டது.

இதில் நாம் கருத்திற் கொள்ள வேண்டியவை இரண்டு. ஆராய்ச்சியின் வெற்றி பெரும்பாலும் சிறு அடியாகவே அமைகிறது. அதற்கு வேண்டுவது பொறுமை. பொறுமை தோட்டத்து மக்களுக்குப் புதியதன்று. மற்றொன்று, அம்மூவருள் ஒருவர் மாணவர். தகுந்த ஆசிரியர் தம் பக்கத்தில் அமர்த்திக் கொண்டால், மாணவரும் உலகம் அறியாத விடையைக் காண முடியும்.

இப்பணிக்கு உரியவர் யாவர்?

‘கணினி ஆண்களுக்கு உரியது’ என்று பல நாடுகளில் எண்ணப்பட்டு வந்தது. உண்மை வரலாறு வேறு. 1946ஆம் ஆண்டில் அமெரிக்காவில் உலகுக்குக் காட்டப்பட்ட ‘எனியாக்’ என்னும் பெருங் கணினிக்குக் கணக்குகளை அமைத்துக் கொடுத்தோர் ஆறு பெண்கள். எந்திரத்தைக் கட்டிய ஆண்களின் பெயர் அன்றே பரவியது. அவ்வறுவரின் பெயர் பல ஆண்டுகள் பேசப்படவே இல்லை. அதே அமெரிக்காவில் 1980களின் நடுவில் கணினி இயல் பட்டம் பெற்றோருள் நூற்றுக்கு 37 பேர் பெண்களாக இருந்தனர். 2010ஆம் ஆண்டளவில் அது நூற்றுக்கு 18 ஆக வீழ்ந்தது. பெண்களின் அறிவு இருபத்தைந்து ஆண்டுகளில் பாதியாகக் குறைந்துவிடுமோ? குறையாது. ‘இது உனக்கு உரிய இடமன்று’ என்று சூழல் சொல்லத் தொடங்கியதே காரணம்.

இனி நம் நாட்டைக் காண்போம். மேலை நாடுகளில் பெண்கள் இத்துறையில் குறைந்துவந்த அதே காலத்தில், மலேசியாவில் நிலைமை நேர்மாறாக இருந்தது. நார்வே நாட்டைச் சேர்ந்த விவியன் லாகெசென் என்னும் ஆய்வாளர் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக் கழகத்திலும், சுவீடன் நாட்டைச் சேர்ந்த உல்ஃப் மெல்ஸ்ட்ரோம் என்பவர் பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக் கழகத்திலும் வந்து தங்கி, கணினி இயல் மாணவியரிடமும் விரிவுரையாளர்களிடமும் உரையாடி ஆய்ந்தனர். அவ்வாய்வுகள் 2008, 2009ஆம் ஆண்டுகளில் வெளிவந்தன. இரு இடங்களிலும் கணினி இயல் பயின்றோருள் பெண்களே மிகுதி. விரிவுரையாளருள்ளும் பெண்கள் பலர். கட்டடத்தினுள் அமர்ந்து அறிவால் செய்யும் பணி, பெண்களுக்குப் பாதுகாப்பானது, நல்ல வேலை தரும் என்று பெற்றோர் கருதி மகளிரை ஊக்கியிருந்தனர். கணினி ஆண்களின் துறை என்ற எண்ணமே அங்கு வேர்விடவில்லை.

மேலை நாட்டு அறிஞர்களை வியப்பில் ஆழ்த்திய இச்செய்தி நமக்கு ஓர் உயர்ந்த பாடமாகும். ஒரு பிரிவினர் ஒரு துறையில் இல்லையென்றால், அக்குறை அவர்கள் பிறப்பில் இல்லை. வீடும் பள்ளியும் ஊரும் எதைச் சொல்லி வளர்க்கின்றனவோ, அதுவே பெரிதும் தீர்மானிக்கிறது. ஒரு நாட்டில் மகளிர்க்கு மூடப்பட்ட வாயில், மற்றொரு நாட்டில் பெற்றோரின் ஒரு சொல்லால் திறந்திருந்தது. அவ்வாறாயின், தோட்டத்திலிருந்து வந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு மட்டும் அது ஏன் திறவாது?

வாயிலைத் திறந்து காட்டும் முறை

தானே வாயிலைக் கண்டுபிடித்து வரட்டும் என்று மாணவரை விட்டுவிட்டால், ஆராய்ச்சியாளர் வீட்டுப் பிள்ளைகளே மீண்டும் ஆராய்ச்சிக்கு வருவார்கள். அவர்களுக்கு மட்டுமே அவ்வாயில் எங்குள்ளது என்று தெரியும். இதனை உணர்ந்த அமெரிக்கக் கணினி ஆராய்ச்சியாளர்கள் 1991ஆம் ஆண்டில் மகளிர்க்கென ஒரு குழுவை அமைத்தனர். அக்குழு 1994ஆம் ஆண்டில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. பட்டப்படிப்புப் பயிலும் மாணவி ஒருவரை, வேறொரு பல்கலைக் கழகத்தின் பேராசிரியர் ஒருவரிடம் நீண்ட விடுமுறைக் காலத்தில் அனுப்புவதே அத்திட்டம். மாணவி அங்கே தங்கி, பேராசிரியரின் உண்மையான ஆராய்ச்சியில் பங்கு கொள்வார். செலவுக்குப் பணமும் கொடுக்கப்படும். பின்னர் இத்திட்டம், கறுப்பினத்தவர், பழங்குடியினர் முதலிய, இத்துறையில் போதிய அளவில் இடம்பெறாத ஏனைய பிரிவினருக்கும் விரிவாக்கப்பட்டது.

இத்திட்டத்தின் உட்பொருள் நம் தோட்டத்து வழக்கத்தினின்று வேறுபட்டதன்று. புதிதாக மரம் சீவ வருபவருக்குப் புத்தகம் கொடுத்து அனுப்புவதில்லை. கைதேர்ந்தவரின் பக்கத்தில் நிறுத்துகிறோம். அவர் கையைப் பிடித்து, ‘இவ்வளவு ஆழம் போதும், மேலும் சென்றால் மரம் காயப்படும்’ என்று காட்டுகிறார். சில வாரங்களில் கை தானே பழகிவிடுகிறது. ஆராய்ச்சியும் அவ்வாறு பக்கத்தில் நின்று பழகும் தொழிலே. அமெரிக்கத் திட்டம் மூன்றை மட்டுமே செய்தது: அழைத்தது, பக்கத்தில் அமர்த்தியது, அக்காலத்தில் வருமானம் இழக்காதவாறு பார்த்துக்கொண்டது. இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் ஏழை மாணவர் வர இயலாது.

நம் பிள்ளைகள் இல்லாவிடில் யாது குறை?

‘யார் ஆராய்ந்தால் என்ன? பயன் எல்லோருக்கும் வருமே’ என்று சிலர் கேட்கலாம். அது முழு உண்மையன்று. ஆராய்ச்சியாளர் தமக்குத் தெரிந்த வாழ்விலிருந்தே கேள்விகளை எடுக்கிறார்.

பேசினால் புரிந்துகொள்ளும் கணினிகள் இன்று வந்துவிட்டன. அவை ஏராளமான பேச்சையும் எழுத்தையும் கேட்டும் படித்துமே மொழியைக் கற்கின்றன. தமிழகத்து நூல்களை மட்டும் படித்துப் பழகிய ஒரு கணினியிடம், ‘மங்கைக் கழுவி வை’ என்று நம் தோட்டத்துப் பெரியவர் ஒருவர் கூறினால், அது பால் பிடிக்கும் கோப்பை என்று அதற்கு எங்ஙனம் தெரியும்? மங்கை என்றால் பெண் என்றே அது பொருள்கொள்ளும்! ‘பசியாறினீர்களா?’ என்று நாம் காலையில் அன்புடன் கேட்பதன் முழுப் பொருளும் அதற்கு விளங்காது. மலாயும் சீனமும் கலந்து நூற்றாண்டுக்கு மேலாக இம்மண்ணில் உருவான நம் பேச்சை, கணினிக்குக் கற்பிக்க வேண்டும் என்ற எண்ணம் அதைப் பேசி வளர்ந்த ஒருவருக்கே எளிதில் தோன்றும்.

இது வெறும் கற்பனையன்று. கணினித் திரையில் தமிழ் எழுத்தைக் காண்பதே அரிதாக இருந்த 1985ஆம் ஆண்டில், ‘முரசு’ என்னும் தமிழ் மென்பொருளை உருவாக்கியவர் நம் நாட்டுத் தமிழராகிய முத்து நெடுமாறன் அவர்களே. பின்னாளில் கைப்பேசியில் தமிழ் எழுத உதவும் ‘செல்லினம்’ என்னும் செயலியையும் அவர் வழங்கினார். அவர் வடித்த தமிழ் எழுத்துரு ஆப்பிள் நிறுவனத்தின் கணினிகளிலும் இடம்பெற்றது. உலகத் தமிழர்களின் தமிழ் இணைய மாநாடு 2001ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் நடந்தேறியது. தன் மொழிமேல் அக்கறை கொண்ட ஒருவர் அத்துறையில் இருந்தமையால் விளைந்த நன்மை இஃது.

ரப்பர்க் காட்டிலும் கேள்விகள் காத்திருக்கின்றன. 2017ஆம் ஆண்டு முதல் நம் நாட்டு ரப்பர் மரங்களைப் புதிய இலையுதிர் நோய் ஒன்று தாக்கி வருகிறது. இலையின் படத்தைப் பார்த்து நோயை முன்கூட்டியே அறியும்படி கணினியைப் பழக்கும் முயற்சிகள் பல பயிர்களில் நடைபெறுகின்றன. எந்த இலை வெயிலால் வாடியது, எது நோயால் வாடியது என்று கண்ணாலேயே அறிந்த குடும்பத்துப் பிள்ளை அந்த ஆராய்ச்சிக் கூடத்தில் இருந்தால், பிறர் கேட்கத் தவறும் கேள்வியைக் கேட்பது திண்ணம்.

பேராக்கிலிருந்து செல்லும் வழி

காலப்போக்கில் பேராக்கின் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. சில செம்பனைக்கு மாறின. சில வீடமைப்புப் பகுதிகளாயின. சுங்கை சிப்புட், தாப்பா, பீடோர் வட்டாரங்களிலிருந்து நகரோரங்களுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்கள் எத்தனையோ. லயம் போயிற்று, தோட்டத்து வேலையும் போயிற்று. பிள்ளைகளுக்குக் கொடுக்க எஞ்சியிருப்பது கல்வி ஒன்றே என்பதை இக்குடும்பங்கள் நன்கு அறிந்துள்ளன.

நல்ல வேளையாக, வழி நெடுந்தொலைவில் இல்லை. ஈப்போவில் உங்கு ஓமார் பாலிடெக்னிக் 1969ஆம் ஆண்டு முதல் தொழில்நுட்பக் கல்வி அளித்து வருகிறது. கோப்பேங்கில் பேராக் மெட்ரிகுலேஷன் கல்லூரி உள்ளது. ஸ்ரீ இஸ்கண்டாரில் பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக் கழகமும், கம்பாரில் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக் கழகமும், தஞ்சோங் மாலிமில் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக் கழகமும் உள்ளன. இம்மூன்றிலும் கணினித் துறைகள் இயங்குகின்றன.

படிகள் பின்வருமாறு:

முதலாவது, கணிதம். கணினி ஆராய்ச்சியின் தாய்மொழி கணிதமே. தமிழ்ப்பள்ளியில் வாய்ப்பாட்டையும் பின்னத்தையும் அச்சமின்றிக் கற்ற பிள்ளை, பாதி வழியைக் கடந்துவிட்டது எனலாம். படிவம் 4இல் கூடுதல் கணிதம் எடுக்கும் வாய்ப்பு இருந்தால், கடினம் என்று அஞ்சி விட்டுவிடலாகாது. பட்டப்படிப்பிற்கான கணினிப் பிரிவுகள் பலவற்றில் அப்பாடம் கைகொடுக்கிறது.

இரண்டாவது, மொழி. மலாய் மொழியில் தேர்ச்சி பல்கலைக் கழக வாயிலுக்குத் தேவை. உலகத்து ஆய்வுக் கட்டுரைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. தமிழில் நன்றாகச் சிந்திக்கக் கற்ற பிள்ளைக்கு இவ்விரண்டும் சுமையல்ல. நாள்தோறும் ஒரு பக்கம் படித்தாலே வந்துவிடும்.

மூன்றாவது, எஸ்.பி.எம். தேர்வுக்குப் பின் மெட்ரிகுலேஷன், எஸ்.டி.பி.எம். அல்லது டிப்ளோமா; அதன்பின் பட்டப்படிப்பு. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு உபகாரச் சம்பளமும், 1997ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட பி.டி.பி.டி.என். கல்விக் கடனும் உண்டு. விண்ணப்ப நாள் தவறினால் ஓராண்டு வீணாகும். ஆகவே, தேர்வு முடிவு வருமுன்னரே பள்ளி ஆலோசக ஆசிரியரை அணுகி நாட்களைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

நான்காவது படி பலருக்கும் தெரியாதது. ஆகையால் மிக முக்கியமானது. பட்டப்படிப்பின் இறுதி ஆண்டில் ஒவ்வொரு கணினி மாணவரும் ஓர் ஆய்வுத் திட்டம் செய்ய வேண்டும். பலர் அதனை எப்படியாவது முடித்தால் போதுமென்று கருதுகின்றனர். ஆராய்ச்சிக்குச் செல்லும் வாயில் அதுவே. இரண்டாம் ஆண்டிலேயே மாணவர், தமக்குப் பிடித்த பாடத்தை நடத்தும் விரிவுரையாளரின் அறைக்குச் சென்று, ‘ஐயா, தாங்கள் எதனை ஆராய்ந்து வருகிறீர்கள்? விடுமுறையில் நான் உடனிருந்து உதவலாமா?’ என்று பணிவுடன் கேட்க வேண்டும். ஒருவர் மறுத்தால் மற்றொருவரைக் கேட்கலாம். கேட்பதில் இழிவில்லை. நம் பிள்ளைகள் பலர் கேட்கத் தயங்குவதாலேயே பின்தங்குகின்றனர்.

ஐந்தாவது, பட்டத்திற்குப் பின் முதுகலை, முனைவர் பட்ட ஆய்வுகள். பேராசிரியர்கள் பெறும் ஆய்வு நிதியிலிருந்து, உடனிருந்து பணியாற்றும் ஆய்வு உதவியாளருக்கு மாதந்தோறும் ஊதியம் அளிக்கப்படுவதுண்டு. ஆராய்ச்சி என்றால் வருமானமே இல்லாத படிப்பு என்று எண்ணுதல் தவறு. எல்லோரும் முனைவர் ஆக வேண்டும் என்பதும் இல்லை. ஒருமுறை ஆராய்ச்சியில் பழகியவர், எத்தொழிலுக்குச் சென்றாலும் கேட்டதை அப்படியே ஏற்காமல் சோதித்துப் பார்க்கும் குணத்தைப் பெறுவார்.

பெற்றோர் எடுக்க வேண்டிய முடிவு

ஈப்போவிற்கு அண்மையில் ஒரு குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தந்தை இன்னும் மரம் சீவுகிறார். தாய் தொழிற்சாலைக்குச் செல்கிறார். மூத்த மகள் எஸ்.பி.எம். தேர்வில் கணிதத்தில் சிறந்து விளங்கியிருக்கிறாள். மெட்ரிகுலேஷன் அழைப்பும் வந்துள்ளது; அதே வாரத்தில் தொழிற்சாலையில் வேலையும் கிடைக்கிறது. ‘அப்பா, வேலைக்குப் போனால் இந்த மாதமே சம்பளம் வரும். தம்பியின் பள்ளிச் செலவுக்கு ஆகுமே’ என்கிறாள் அப்பெண்.

அவள் சொல்வது பொய்யன்று. அந்தச் சம்பளம் அவ்வீட்டிற்குத் தேவைதான். ‘படி, படி’ என்று வெளியிலிருந்து அறிவுரை கூறுவது எளிது. மாதக் கடைசியில் அரிசிக்கடைக்குப் பதில் சொல்பவர் அத்தந்தையே. எனினும் அவர் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். ரப்பர்க் கன்றை நட்டால் சீவுவதற்கு ஐந்து அல்லது ஆறு ஆண்டுகள் காத்திருக்கிறோம். அதுவரை இடையில் வேறு பயிர் செய்தும், களை பிடுங்கியும் காக்கிறோம். இரண்டாம் ஆண்டிலேயே பால் வேண்டுமென்று இளங்கன்றில் உளியை வைப்பவர் உண்டோ? மகளின் கல்வியும் அத்தகையதே. அந்தக் காத்திருப்பைத் தாங்குவதற்கு உபகாரச் சம்பளம், கடன், கூட்டுறவுச் சங்கத்தின் உதவி, உற்றார் துணை ஆகியவற்றை முதலில் தேடிப் பார்க்க வேண்டும். தேடாமலே முடிவெடுப்பதுதான் இழப்பு.

ஊரில் ஏற்கெனவே பல்கலைக் கழகம் சென்ற பிள்ளைகளுக்கும் ஒரு கடமை உண்டு. விடுமுறையில் வீடு திரும்பும்போது, ஒரு மாலைப் பொழுதில் தமிழ்ப்பள்ளிக்கோ கோயில் மண்டபத்திற்கோ சென்று, தாங்கள் செய்யும் ஆய்வுத் திட்டத்தைச் சிறுவர்களுக்கு விளக்கிக் கூற வேண்டும். அதற்குக் கணினியும் தேவையில்லை. மேலே கூறிய லோரிக் கணக்கை மண்ணில் கோடிட்டு விளையாட்டாகவே நடத்தலாம். தங்களைப் போன்ற லயத்தில் பிறந்து, தங்களைப் போலவே பேசும் ஒருவர் ஆராய்ச்சி செய்கிறார் என்பதைக் கண்ணால் காண்பதைவிடச் சிறந்த அறிமுகம் வேறில்லை.

கோலகங்சாரில் நட்ட கன்றுகள் எவ்வளவு பெரிய தொழிலாக வளரும் என்று 1877இல் எவரும் அறியவில்லை. நம் இல்லத்துக் கன்றுகள் எவ்வாறு வளரும் என்பதையும் இன்றே கூற இயலாது. நட்டு வைப்பதும், ‘அந்த வாயில் உனக்கும் உரியதே’ என்று சொல்லிக் காட்டுவதும் நம் கையில் உள்ளன.

சிந்திக்கவும் செய்து பார்க்கவும்

1. தொழிற்சாலையையும் 3 பால் கொட்டகைகளையும் மண்ணில் புள்ளிகளாக இட்டு, லோரி செல்லக் கூடிய 6 வழிகளையும் பிள்ளைகளைக் கொண்டு கண்டுபிடிக்கச் செய்க. எது குறுகிய வழி? கயிற்றால் அளந்து பார்க்க.

2. கொட்டகை 5 ஆனால் வழிகள் எத்தனை? (விடை: 120.)

3. உங்கள் நாளாந்த வேலையில், ‘இதைவிட நல்ல முறை உண்டா?’ என்று கேட்கத் தோன்றிய ஒன்றை எழுதி வைக்க. அதனைச் சோதிக்க எவற்றை அளக்க வேண்டும் என்று குடும்பத்தோடு பேசுக.

4. உங்கள் ஊரிலிருந்து பல்கலைக் கழகம் சென்றவர் யார்? அடுத்த விடுமுறையில் அவரைப் பிள்ளைகளோடு பேச அழைக்க.